சாக்பீஸ் சுவர்

"கிச்சனுக்கு இன்னும் ஒரு அடி வேணும்னா—"

"உங்க ஆபீஸ் ரூமை மட்டும் இழுத்துக்கிட்டே போறீங்க, நான் ஏதாவது கேட்டேனா?"

"என்னைப் பேச விடுறியா?"

"கல்யாணமான நாள்லேருந்து நீங்கதானே பேசுறீங்க!"

சாமான்களை ஒதுக்கிவிட்டுக் காலியாகக் கிடந்த கூடத்தில் நின்று கணவனும் மனைவியும் கத்திக்கொண்டிருந்தார்கள். வீடு முழுவதும் புதுப்பிக்க மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டு இருவருக்கும் மூச்சே நின்றுவிட்டது. "வீட்டைக் கேட்டா தெருவையே கட்டித் தர்ற ரேட் சொல்றாரே!" என்றாள் அவள். மாடி வேலையைக் கைவிட்டார்கள். இனி எல்லாம் இந்தக் கூடத்துக்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

காகிதத்தில் வரைந்து காட்டுவதில் மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லை. தரையிலேயே முழு அளவுக்கு சாக்பீஸ் கோடு போட்டு, "உள்ள நடந்து பாருங்க" என்பார். இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் கிச்சன், நடுவில் அவனுடைய அப்பாவின் அறை. அவரால் மாடி ஏற முடியவில்லை என்றுதான் இந்த வேலையே தொடங்கியது. பணமும் அவர் மனையை விற்றுக் கொடுத்ததுதான்.

"ஒரு அடிதானே!" அவன் நடு அறைக் கோட்டைக் காலால் அழித்தான்.

"அப்ப எனக்கும் ஒரு அடிதானே!" அவள் மறுபக்கத்துக் கோட்டைத் தேய்த்தாள்.

மேஸ்திரி குனிந்து குனிந்து கோட்டைத் தள்ளிப் போட்டார். "சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்கம்மா. என் முட்டி தேயுது."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார்.

"என் ரூம் எது மேஸ்திரி?"

மேஸ்திரி நிமிராமல் கையைக் காட்டினார். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாகவே அப்பா உள்ளே போனார். கடைசிவரை போய்த் திரும்ப முயன்றார். வாக்கரின் கால் கோட்டில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார். மறுபக்கம் திருப்பினார். அங்கேயும் பட்டது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... மாமா!"

"அளவைத் தப்பாப் போட்டுட்டீங்க மேஸ்திரி!" என்றான் அவன்.

"நீங்க ரெண்டு பேரும் சொன்ன அளவுதான் சார்."

"அப்பா, கோட்டைத் தாண்டி இப்படி வந்துடுங்கப்பா."

அப்பா குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"சுவரை எப்படிப்பா தாண்டுறது?"