நாலாவது வரிசை

என் வீட்டுக்காரர் தையல்காரர். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான் எலுமிச்சை மரத்துக்கும் அளவெடுத்தார். தண்டில் நூலைக் கட்டி இழுத்துப் பிடித்து, சாக்குக்கட்டியால் வட்டம் போடப் பார்த்தார். மண்ணில் சாக்குக்கட்டி எங்கே பிடிக்கும்? கடைசியில் சுண்ணாம்புத் தூளைத் தூவினார்.

அது எங்கள் வாலு வைத்த மரம். மகளுக்கு வேறு பெயர் உண்டு, வீட்டில் வாலுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டே வருஷம். அதுக்கப்புறம் கடைல எலுமிச்சை வாங்கினியோ, பாரு" என்று என்னை மிரட்டினாள். இரண்டு வருஷம் அவள் இருக்கவில்லை. பதினோரு நாள் காய்ச்சல். போர்த்திப் படுத்தால் சரியாகிவிடும் என்று முதல் நான்கு நாள் அவளை வீட்டிலேயே வைத்திருந்தவள் நான். மரம் மட்டும் சொன்ன சொல் தவறாமல் காய்த்தது.

அதற்கப்புறம்தான் அவர் மரத்தைச் சுற்றித் திட்டு கட்ட இன்டர்லாக் கற்களை வாங்கி இறக்கினார். சிமெண்ட் வேண்டாம். ஒவ்வொரு கல்லின் பின்பக்க அடியிலும் ஓர் உதடு நீட்டிக்கொண்டிருக்கும். அது கீழ்வரிசைக் கல்லைக் கவ்விக்கொள்ளும். முதல் வரிசைக்குக் கீழே கல் ஏது? அந்த உதட்டை மட்டும் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். ஊசி பிடித்த கை, இரண்டு கல்லை உடைத்துப்போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

"நூலோட்டின மாதிரிதான் இது. பிடிக்கலேன்னா பிரிச்சுடலாம்" என்றார் பெருமையாக.

இரண்டு வரிசையோடு நிறுத்தப் போனார். நான் விடவில்லை. "இன்னும் ரெண்டு ஏத்துங்க. முட்டி வலிக்குது, உக்கார்ற உயரம் வேணும்." முட்டி வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. உள்ளே பள்ளமாக இருந்தால் நன்றாயில்லை என்று விளிம்பு வரை மண்ணும் எருவும் கொட்டச் சொன்னதும் நான்தான். தண்டு முழங்கால் உயரத்துக்கு உள்ளே போய்விட்டது. போர்த்திவிட்ட மாதிரி எனக்குத் திருப்தியாக இருந்தது.

தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவர் தையல் மெஷினை மரம் தெரிகிற ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்துக்கு என்றார்.

மறு வருஷம் இலை மஞ்சளானது. உரம் போட்டோம். இன்னும் மஞ்சளானது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். செடி விற்கிற பெண் கிளையைக் கையில்கூட வாங்கவில்லை.

"தண்டுல மண்ணு ஏறியிருக்காக்கா?"

என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.

"அய்யோ, அடித்தண்டு காத்தாட இருக்கணும்க்கா. மூடினா பட்டை அழுகிடும். உடனே எடுத்துப் பாருங்க, சுரண்டினா பச்சை தெரிஞ்சுதுன்னா பொழைச்சுக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் காலரைப் பாதி தைத்தபடி விட்டுவிட்டு எழுந்தார்.

அவர் மேலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்ற, நான் கையாலேயே மண்ணை அள்ளினேன். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயம். தண்டு வெளியே வந்ததும் அவர் நகத்தால் சுரண்டினார். பழுப்பு. சுற்றிப் போய் மறுபக்கம் சுரண்டினார். பட்டை ஈரமாகக் கையோடு உரிந்து வந்தது. சுற்றிலும் எங்கேயும் பச்சை இல்லை.

"நான்தாங்க உயரம் கேட்டேன்" என்றேன். "அன்னைக்கும் போர்த்தித்தான் விட்டேன். இன்னைக்கும் அதையேதான்..."

அவர் கழற்றிய கற்களை எடுத்து, மரத்தை விட்டுத் தள்ளி, தரையில் மறுபடி அடுக்க ஆரம்பித்தார். வட்டம் இல்லை, மண் இல்லை. இரண்டு பேர் அகலம், நான்கு வரிசை. மட்டம்கூடப் பார்த்தார்.

"உக்காரு."

"எதுக்குங்க? மரமே போச்சு."

"உக்கார்றதுக்குத்தானே கேட்ட. முட்டி வலி இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த பட்டையைத் துடைத்துவிட்டு மரத்தைப் பார்த்தார்.

"வாலு, இனிமே எலுமிச்சை கடைலதான் வாங்கணும்" என்றார். "அம்மாவைத் திட்டாத."

அவள் போனதிலிருந்து அவர் அவளை வாலு என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.