பால் கேன்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த மடையன் நான்.

அன்று காலை எட்டு மணிக்கு, செத்துப்போன அப்பா விட்டுப்போன அறுபத்தொன்பதாம் மாடல் புல்லட் கிளம்ப மறுத்தது. பத்து மணிக்குள் என் கூட்டுக்காரன், சின்ன வயசுச் சிநேகிதன் சத்தியராஜை அதில் ஏற்றி, அருமனை சர்ச்சுக்கு மாப்பிள்ளையாகக் கொண்டு போவேன் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தேன். நாற்பது தடவை உதைத்திருப்பேன். சட்டை தொப்பலாகிவிட்டது.

தம்பி ஆன்ட்ரூஸ் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வாளியோடு வந்து நின்றான். திங்கட்கிழமை கொச்சியில் அவனுக்கு வெல்டிங் டெஸ்ட். தேறினால் கத்தார் விசா. இரண்டு வருடம் பட்டறையில் கிடந்து பழகிய கை அவனுடையது. முந்தின நாள் வண்டியைக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. "அப்பம் நாளைக்கு நீயும் ஓட்டமாட்டே, பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே போயிருந்தான்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தேன். நீலமாகப் பொறி வந்தது. கரண்டில் குறையில்லை. கார்புரேட்டர் பித்தானை அழுத்தினேன், ஒரு சொட்டு பெட்ரோல் கசியவில்லை. டாங்கு மூடியைத் திறந்து விரலை விட்டேன். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நூல் போல இழுபட்டது. ரப்பர் பால்.

திரும்பினேன். அவன் கையில் பால் வாளி.

"ஏலே, டாங்குல என்னத்தலே ஊத்தினே?"

"நான் ஒண்ணும் ஊத்தல்ல அண்ணா."

விட்ட அறையில் வாளியோடு விழுந்தான். பால் முற்றமெங்கும் ஓடியது. விலாவில் இரண்டு மிதி மிதித்தேன். உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது.

"அப்பா மேல சத்தியமா ஊத்தல்ல."

அப்பா பேரைச் சொன்னதும் எனக்கு வெறி கூடிவிட்டது. அவன் டாங்கைப் பிடித்து எழுந்தான். டாங்கின் மேலிருந்த வலது கைதான் என் கண்ணில் பட்டது. பிளக் கழற்றிய ஸ்பேனர் என் கையில் இருந்தது. அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு அடி ஓங்கினேன், அவன் கையை இழுத்துக்கொண்டான், டாங்கு நெளிந்தது.

"கை அண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சத்தம் கேட்டு என் பெண்டாட்டி பெமிலா ஓடிவந்தாள். அவன் கையைப் பார்த்தாள், திறந்து கிடந்த டாங்கைப் பார்த்தாள். பின்பக்கம் போய் ஒரு வெள்ளைக் கேனைக் கொண்டுவந்தாள்.

"நேத்து பெட்ரோலு வாங்கிட்டு வந்தது இதுலயாக்கும்?"

"ஆமா. கழுவிக் கவுத்தி வச்சிருந்துல்லா?"

"கழுவினது பச்சைக் கேனு. இது பால் கேனு."

கேனைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் காய்ந்து கிடந்த பால் பெட்ரோலில் ஊறி, பாதி கரைந்து, பஞ்சர் கடைப் பசை போல வழிந்தது. பெட்ரோலில் ரப்பர் கரையும் என்று இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் வாங்கினேன், நான்தான் டாங்கில் ஊற்றினேன்.

நான்கு ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் சத்தியராஜின் கல்யாண ஓட்டத்தில் இருந்தார்கள். பிறகு அந்த வண்டியிடமே போய் நின்றேன். டாங்கைக் கவிழ்த்துக் கொட்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட் ஓட்டையில் அடைத்திருந்த பசையை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன். ஸ்குரூ இரண்டு தடவை கைதவறிக் கீழே விழுந்தது. பெமிலா துண்டில் சுற்றிய அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டு சிவந்துகொண்டே வந்தது. புல் வெட்டும் மெஷினிலிருந்த பெட்ரோலை ஊற்றி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்து என் முழங்காலுக்குக் கீழே தோலை உரித்தது. நல்லா வேணும் எனக்கு. மறுபடி உதைத்தேன், புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

நெய்யூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் இடது கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான், என்னைத் தொடவில்லை. "மக்கா, கிக்கர் அடிச்சிட்டுன்னு சொல்லுடே" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூன்று எலும்பு போய்விட்டது, ஆபரேஷன் செய்தாலும் பழைய பிடிமானம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். திங்கட்கிழமை டெஸ்ட் கைவிட்டுப் போனது.

நர்ஸ் தாளோடு வந்தார். "கூட வந்திருக்கது ஆரு? என்ன சொந்தம்?"

சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ஆன்ட்ரூஸ் சொன்னான்.

"வண்டி ஓட்டிட்டு வந்த ஆளு."

நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.