மஞ்சள் கருவுக்கு வந்த சோதனை

என் கணவர் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அட்டைப் பெட்டிகளின் மீது துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை நீட்டி, அது காட்டும் எண்ணைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் அவருடைய வேலை. கடைசி நாளில் அந்தக் கருவியையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கிடங்கு பிழைத்தது. என் அடுப்பு மாட்டிக்கொண்டது.

நான் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். காலையில் கிளம்புமுன் எனக்கு ஒரு ஆஃப்பாயில் வேண்டும். வெள்ளை மெத்தென்று வெந்திருக்க வேண்டும், மஞ்சள் தொட்டால் ததும்ப வேண்டும். அதை உட்கார்ந்து சாப்பிடும் நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது. இனிமேல் காலை டிபன் தன் பொறுப்பு என்று இவர் அறிவித்த அன்றே அதுவும் போனது.

இவர் சமைக்கும் அழகைச் சொல்ல வேண்டும். பளபளவென்று தேய்த்த ஸ்டீல் வாணலியை அடுப்பில் வைத்துத் துப்பாக்கியை நீட்டுவார். எண்ணெய் புகைய ஆரம்பித்திருக்கும். கருவியோ வெதுவெதுப்பு என்று காட்டும். சூடேறவில்லை என்று தீயைக் கூட்டுவார். அட்டைப் பெட்டியிடம் உண்மை பேசிய கருவி, பளபளக்கும் ஸ்டீலைக் கண்டால் புளுகுகிறது. வாணலியில் தண்ணீர் தெளித்தே காட்டினேன். துளிகள் துள்ளி ஓடின.

"தண்ணிக்கு என்ன தெரியும்?" என்றார் மகாமேதை.

முட்டை விழுந்ததும் படபடவென்று வெடிக்கும். ஓரம் கருகி, அடி செருப்புத் தோலாகி, மேலே மட்டும் வேகாமல் கொழகொழவென்று இருக்கும். அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பாராட்டுக்காக என் எதிரே நிற்பார். தான் மட்டும் ரொட்டி தின்பார். சமைத்த வாசனையிலேயே அவருக்கு முட்டை ஆசை தீர்ந்துவிடுகிறதாம். அடுப்பைத் திருப்பிக் கேட்டுக் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். அக்கா வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும், அவள் சொல்வதுதான் முடிவு என்றார்.

அக்கா என்றால் என் நாத்தனார். தம்பி தும்மினாலும் அதில் ராகம் இருக்கிறது என்று சொல்லும் பிறவி. நல்ல நீதிபதியாகத்தான் பிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு வாய் எடுத்து வைத்ததுமே தம்பியின் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று ஆரம்பித்தார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். அவர் தலை மறைந்ததும் நாத்தனார் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எனக்கு மட்டும் நீ ஒன்னு போட்டுத் தாம்மா. இது தொண்டைல எறங்கல."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஒரே பொய்யில் என் காலைப்பொழுதுகளையெல்லாம் தம்பிக்குத் தாரை வார்த்துவிட்டு, தனக்கு மட்டும் நல்ல முட்டை வேண்டுமாம்.

"என்னங்க, உங்க அக்காவுக்கு இன்னொன்னு வேணுமாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

இரண்டாவது வந்தது. முதலாவதைவிடக் கறுப்பு. நாத்தனார் தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஒரு துண்டை வாயில் போட்டுத் தண்ணீரால் தள்ளினார். அதற்குமேல் பாசம் தாங்கவில்லை.

"கருகிப் போச்சுடா. மொத முட்டையும் கருகல்தான்."

இவர் நம்பவில்லை. அக்காவுக்குக் காய்ச்சலாக இருக்கும், அதனால் வாய் கசக்கிறது என்று சொல்லித் துப்பாக்கியை அவர் நெற்றிக்கு நேரே நீட்டினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி நீட்டிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. சொன்னது நானோ தண்ணீரோ அல்ல, அவருடைய கருவி. அதை எதிர்த்துப் பேச அவரால் முடியவில்லை. அக்காவின் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். தான் போட்ட முட்டையை அன்றுதான் முதன்முதலாகத் தின்றார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

நான் எழுந்து அடுப்பிடம் போனேன். தீயைத் தணித்து, எண்ணெய் புகையும் முன்பே முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைத்தேன். மேலே வெளுத்ததும் இறக்கி, உப்பும் மிளகும் தூவி, கொண்டுவந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மஞ்சள் உடைந்து தட்டில் ஓடியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

"எனக்கும் ஒன்னு போடேன்" என்றார் இவர், இறங்கிய குரலில்.

"தட்டுல இருக்கறத மொதல்ல முடிங்க. அப்புறம் பாக்கலாம்."