கத்தினால் எழுதும்

...அறைந்தது என் கைதானா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது, உள்ளங்கை எரிகிறது, அப்படியென்றால் என் கைதான், பக்கத்து நாற்காலியில் என் அறைத்தோழன் குண்டூசி இரண்டு காதிலும் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறான், ஒரு காதில் என் அறை, இன்னொரு காது போய் இடித்தது மைக் மாட்டிய இரும்புக் கம்பியில், இரண்டுக்குள்ளும் ஙொய்யென்று இரைகிறதாம், காது டாக்டர் உள்ளே வேறு யாரையோ குடைந்துகொண்டிருக்கிறார், இவனைக் கூப்பிடுவதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், மன்னிச்சுக்கோடா, சொல்லாவிட்டால் இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் அறையை விட்டுப் போய்விடுவான், எனக்கென்று இருப்பது இவன் ஒருத்தன்தான்... எல்லாம் அந்த மிஷினால், பேச்சைக் கேட்டு எழுதும் மிஷின், முதலில் செய்தி வாசிப்பவர்களை மட்டும் எழுதியது, பிறகு தெருவை எழுதியது, சளி பிடித்தவர்களைக்கூட எழுதியது, சண்டைக்காரர்களிடம் மட்டும் திருதிருவென்று முழித்தது, இந்தத் துறையின் எதிர்காலமே அங்கேதான் இருக்கிறது என்று ஆய்வுக்கூட அக்கா முடிவு செய்தாள், மாதக்கணக்காக நானும் குண்டூசியும் கண்ணாடி அறைக்குள் நின்று, மிஷினைப் பழக்குவதற்காக ஒருத்தரை ஒருத்தர் கத்தித் திட்டி அறிவியலுக்குத் தொண்டாற்றினோம், மூஞ்சியப் பேத்துடுவேன், பல்லக் கழட்டிக் கையில குடுத்துடுவேன், குடல உருவி மாலையாப் போட்டுக்குவேன், முடிந்ததும் ஒன்றாகப் போய் டீ குடிப்போம், இன்றைக்கு அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “நடிக்கிறீங்கப்பா, நிஜக் கோபம் வேணும்,” என்றாள், குண்டூசி கடமை தவறாதவன், கொஞ்சம் யோசித்தான், “உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்காமத்தான்டா உங்கப்பா ஓடிப்போனாரு.” அதை நான் அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்... ரத்தம் அவன் காதோரமாக இறங்கிக் காலரைத் தொட்டபோது அக்கா அய்யோ என்று அலறினாள், மிஷின் அந்த அய்யோவையும் எழுதியது, அப்பா ஓடிப்போன வாக்கியத்தையும் எழுதியது, ஒரு பிழை கிடையாது, இன்னொன்று போடலாமா என்று என் கை கேட்டுக்கொண்டிருந்தது, அது யாருக்கும் தெரியாது.

இப்போது குண்டூசி போனை நீட்டுகிறான், அதில் எங்கள் மிஷின்தான், நாங்கள் கத்திக் கத்தி வளர்த்த பிள்ளை, “காது கேக்கல, இதுல பேசித் தொலை, படிச்சுக்கறேன்,” என்கிறான், மன்னிச்சுக்கோடா என்றேன், மெதுவாக, திரையில் ஓர் எழுத்து விழவில்லை, இன்னொரு தடவை சொன்னேன், வெள்ளையாகவே கிடந்தது, அதனிடம் என்றைக்காவது மெதுவாகப் பேசியிருந்தோமா, அதற்கு எப்படித் தெரியும்? “வாயத் தொறக்க மாட்டியா? அவ்ளோ திமிரா?” என்று இவன் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது, அதைத் திரை அட்சரசுத்தமாக எழுதியது, எனக்குச் சிரிப்பு முட்டியது, சிரித்தால் தொலைந்தேன், எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன், மன்னிச்சுக்கோடா நாயே! “இது ஆஸ்பத்திரிங்க, வெளிய போய் அடிச்சுக்கங்க,” என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள், எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன, நர்ஸ் சொன்னது உட்பட, ஆனால் போன் தரையில் கிடந்தது, குண்டூசி படிக்கவில்லை, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நாற்காலியின் ஓரத்தில் சுருண்டிருந்தான், அவன் கண் என் வாயில்கூட இல்லை, கொஞ்சம் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது, நானும் அண்ணாந்து பார்த்தேன், என் வலது கை, இது எப்போது மேலே போனது...