தலையணையின் உயரம்

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் பொம்மலாட்ட மேடைக்கான பொம்மை வீட்டைப் பார்த்தாள். தரைப்பலகை பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது முறைதான். அப்போதுதான் பார்வையாளர்களுக்குப் பொம்மைகளின் கால்கள் தெரியும். ஆனால் இந்தச் சரிவு சற்று அல்ல, மிக அதிகம். நாற்காலியில் உட்கார்த்தியிருந்த தபால்காரர், எக்கணமும் வழுக்கி முன்வரிசையின் மடியில் விழப்போகிறவர்போல் இருந்தார்.

காரணம் விளங்க அவளுக்கு நேரமாகவில்லை. நோயில் விழுந்த அவள் கணவர் கடந்த இரண்டு மாதங்களாகப் படுத்தபடியேதான் வேலை செய்தார். தலையணையிலிருந்து பார்த்துப் பார்த்துச் சரிவை ஏற்றியிருக்கிறார். தலையணையிலிருந்து பார்த்தால் அது அப்பழுக்கற்ற வேலை. நாடகக் குழுவில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர்.

"எங்க தப்பு?"

உள்ளறையிலிருந்து அவர்தான் கேட்டார். 'நல்லாயிருக்கா' என்று அவர் முப்பது ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. மரவேலை அவருடையது, பொம்மைகளின் உடை அவளுடையது. ஒருவர் முடித்ததில் மற்றவர் ஒரு பிழையாவது சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்த வேலை முடிந்ததாகாது.

இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காட்சி நாளை மாலை. சரிவைச் சொன்னால், தம் கடைசி வேலை பிழையென்று அறிந்து, திருத்தக் கை எழாமல் அவர் போவார்.

"தபால்காரர் சட்டையில மூணாவது பட்டன் பெரிசா தெரியுதுங்க."

"அது உன் தப்பு. என் தப்பைச் சொல்லு."

அவள் பொம்மை வீட்டுக்குள் தேடினாள்.

"பீரோக் கதவு சரியா சாத்தல."

"எவ்வளவு?"

"அரை நூல் இடைவெளி இருக்கும்."

"அரை நூலா! இதைப் பார்த்த கண்ணு பட்டனை எப்படி விட்டுச்சு?" குரலில் திருப்தி இருந்தது. "தேய்ச்சு விடு. நூத்திருபதாம் நம்பர் தாள் போடாத, மரத்தை அதிகமா இழுத்துடும். இருநூத்திருபது போடு."

முழ உயரமே இருந்த பீரோவின் கதவு இம்மியும் பிசகாமல் சாத்தியிருந்தது. அவள் உப்புத்தாளை எடுத்து அதைத் தேய்த்தாள். திறந்திருந்த அறைக்கதவு வழியே, அவர் கண்மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"போதும்," என்றார்.

 பிற்பகல் இரண்டரை மணிக்கு அவர் மூச்சு நின்றது.

கொழுந்தன் வந்து, அண்ணன் அருகே சிறிது நேரம் நின்றுவிட்டு, கூடத்துக்குத் திரும்பியபோது, அவள் தரைப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"பின்பக்கக் கட்டை ஒண்ணரை இஞ்சு அதிகம். காட்சிக்கு ஏத்திட்டுப் போக அஞ்சு மணிக்கு வேன் வந்துடும்."

"அண்ணன் பார்த்துப் பார்த்துச் செஞ்சது அண்ணி."

"படுத்துக்கிட்டுப் பார்த்தாரு. டிக்கெட் வாங்கினவன் உட்கார்ந்துதானே பார்ப்பான்?"

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"பீரோக் கதவைச் சொன்னேன்."

அவன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டையின் மறுமுனையை அழுத்திப் பிடித்தான். அவள் கோடு போட்டு, கோட்டின்மேல் அறுக்காமல் கோட்டை ஒட்டி அறுத்தாள். தரை இறங்கியதும் சுவரடியில் வண்ணம் காணாத பட்டை ஒன்று வெளிப்பட்டது. அதன்மேல் பழுப்புத் துணியைக் கிழித்து ஒட்டினாள். நாற்காலியை வைத்து, தபால்காரரை உட்கார்த்தி, மூன்றாம் வரிசைக்குக் குனிந்தாள். தபால்காரர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பொம்மை வீடு கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்காமல் உள்ளறையிலிருந்து அவள் கணவரை எடுக்க வழியில்லை. எனவே, அவரைத் தூக்க வந்திருந்த நால்வரும் முதலில் அதைத் தூக்கினார்கள்.

"தோளுக்கு ஏத்திடாதீங்கப்பா," என்றான் கொழுந்தன். "இடுப்பு உயரமே போதும்."

வாசற்படி இறங்குகையில் வீடு ஒருமுறை குலுங்கியது. பக்கச் சுவரில் ஜன்னல் கதவு ஒன்று திறந்து ஆடியது. அவள் விரைந்து வந்து, ஒரு விரலால் அதைச் சாத்திப் பிடித்தபடி வேன்வரைக்கும் கூடவே நடந்தாள்.