சீட்டில் விழுந்த கட்சி

நவமணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். சன்னாசியின் அம்மா இருளாயி மனசு இளகிக் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கச் சம்மதிக்க வேண்டும். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகனோடு பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்திருந்தாள் அந்த அம்மா. மருமகளாக வரப்போகிறவள் கோயில் மண்டபத்துப் பட்டிமன்றத்தில் பேசுவதைக் கேட்க வேண்டுமாம்.

நிச்சயம் ஆகி நாலு வருசம். சன்னாசி அரசாங்கத்தில் தற்காலிக லாரி டிரைவர். வேலை நிரந்தரமானால்தான் தாலி என்று இருளாயி ஒற்றைக்காலில் நின்றாள். அரசாங்கமோ அந்த எண்பத்தாறாம் வருசம் கையில் காசில்லை என்று புது ஆள் எடுப்பதையும் இருக்கிற ஆளை நிரந்தரமாக்குவதையும் நிறுத்தி வைத்துவிட்டது. நல்ல கூத்து! நாட்டுக்குக் காசு முடை வந்தால், இவள் தையல் கடையில் குந்தி ஊரார் கல்யாண ரவிக்கையாகத் தைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

அன்றைய தலைப்பும் அதைத் தொட்டதுதான். வரவுக்கு மேல் அரசாங்கம் செலவு செய்யக்கூடாது என்று சட்டம் போடலாமா, கூடாதா? நடுவர் இராஜசிங்கம், ரயில்வேயில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். யாருக்கு எந்தக் கட்சி என்பதை மேடையிலேயே சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். நவமணிக்கு விழுந்தது ‘போடலாம்’.

“விருப்பமில்லையெண்டால் மாத்தித் தாறன், பிள்ளை” என்றார் அவர்.

கொழுப்பைப் பாருங்கள், “வேணாங்கய்யா, எந்தப் பக்கம்னாலும் பேசுவேன்” என்றாள்.

எதிர்க்கட்சியில் உடையப்பன் எழுந்தார். கஷ்ட காலத்தில் கடன் வாங்கியாவது அரசாங்கம் ரோடு போடணும், ஆஸ்பத்திரி கட்டணும், அப்போதுதான் சனங்களுக்கு வேலை கிடைக்கும் என்று பொரிந்து தள்ளினார். அவள் நெஞ்சில் கிடந்ததையெல்லாம் அந்த மனுசன் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவளுக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஆனால் மைக்கைப் பிடித்ததும் அவளுக்கு வேறு வேகம் வந்துவிட்டது.

“இன்னைக்கு வாங்குற கடனை, இன்னும் பொறக்காத பிள்ளை கட்டணுமா? பார்த்துச் செலவு பண்ணுங்கன்னு வாயால சொன்னா யாரு கேக்கப்போறா? சட்டம் போட்டாத்தான் கை அடங்கும். வரவு வரட்டும், அப்புறம் ஆசைப்படுவோம். காத்திருந்தா யாரும் செத்துப் போயிற மாட்டோம்!”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருளாயி எழுந்து நின்று கைதட்டினாள். தீர்ப்பும் நவமணி பக்கம்தான்.

போர்த்திய பொன்னாடையோடு இறங்கி ஓடினாள். இருளாயி அவள் கன்னத்தைத் தடவினாள்.

“என்னமா பேசுற தாயி! நேத்து இவன் பிடிச்ச அடத்துல, தையிலேயே முடிச்சிரலாம்னு நானும் தலையாட்டிட்டேன். இப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. வேலை நிரந்தரமாகட்டும். காத்திருக்கலாம் லா.”

நவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, அது சீட்டுல விழுந்த கட்சி. அதுக்காகப் பேசினேன். என்னால இனிமே காத்திருக்க முடியாது அத்தை. வெறுஞ்சோறு தின்னாலும் இவரோட இருக்கணும்.” அத்தனை சனத்துக்கு நடுவே வெட்கத்தை விட்டு அழுதாள்.

“மேடையில ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணா?” இருளாயி முகம் கடுத்தது.

நவமணி சன்னாசியைப் பார்த்தாள். இந்த மனுசன் வாயைத் திறந்தால் போதும், அவன் அம்மா இறங்கி வந்துவிடுவாள்.

“அழாத மணி” என்றான் அவன். “நீ பேசினது எனக்கே நியாயமாத்தான் பட்டுச்சு.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு நடந்தான்.