வாழைப்பழத்துக்கு எந்தத் துதி?

ஒஸ்னத்துக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்று பெயர்தான்; எட்டு மாதமாக யிஸ்கா என்ற ஐந்து வயசுக் குட்டியின் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட வரவழைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை ஊமையும் இல்லை. வீட்டில் பொரிந்து தள்ளுவாளாம். கின்னரேத் ஏரிக்கரையில் வாழைத் தோப்பு வேலை முடிந்து வரும் அப்பாவை மூச்சுவிட விடமாட்டாளாம். இந்த யூதப் பாலர் பள்ளி வாசலில் கால் வைத்தாளோ இல்லையோ, வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் குழு புதன்கிழமை கூடுகிறது. 'பள்ளியில் பேசுவதில்லை' என்று ஒஸ்னத் எழுதிவிட்டால், யிஸ்காவை முதல் வகுப்புக்கு வேறு ஊரில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அறிக்கை இன்று மதியத்துக்குள் போயாக வேண்டும். பொய் எழுத ஒஸ்னத்துக்குக் கை வராது.

சமையலறையில் பாலர் பள்ளி டீச்சர் மஸால் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளை மேய்க்கிறவள். எதிரில் யார் நின்றாலும் பிள்ளை என்றே நினைப்பு.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இந்த வேலைய விட்டுட்டு எங்கயாவது பேங்க்ல போய் உக்காந்துடலாம்னு இருக்கேன்க்கா. என்மேல எனக்கே நம்பிக்கை போச்சு."

மஸால் கத்தியைக் கீழே வைத்தாள். "காலையில கண்ணு முழிச்சதும் என்ன சொன்ன?"

"எல்லாரும் சொல்ற காலை ஜெபம்தான். உயிரத் திருப்பிக் குடுத்ததுக்கு நன்றி, உன் நம்பிக்கை பெரிசுன்னு."

"உன் நம்பிக்கைன்னா யாரோடது? ஆண்டவனப் பாத்துல்ல சொல்ற! அவரு உன்ன நம்பித்தான் இன்னிக்கும் எழுப்பி விட்டிருக்காரு. உனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு உன்ன யாரு கேட்டா? வந்துட்டா பெருசா, பேங்க்ல உக்கார! இந்தா, தட்டத் தூக்கு."

ஒஸ்னத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தெம்பும் வந்தது. ஆனால் அறிக்கை அறிக்கைதானே. தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் மனசு அதிலேயே சுற்றியது.

பத்து மணித் தீனிக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருவர் துதியை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் "ஆமென்" சொல்ல வேண்டும், அப்புறம்தான் கடி. பழத்துக்கான துதி எல்லாம் ஒரே மாதிரி ஓடிக் கடைசிச் சொல்லில்தான் பிரியும். மரத்தில் காய்த்தது என்றால் 'மரம்' என்று முடிக்க வேண்டும், தரையில் விளைந்தது என்றால் 'மண்'. தப்பாக முடித்துவிட்டால், ஒரு வணக்கம் சொல்லும் நேரத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் ஆண்டவன் பெயர் வீணாகிவிடும். அந்த வாரம் முழுக்க மஸால் பிள்ளைகளுக்கு இதைத்தான் மண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒஸ்னத் சொல்லுவாங்க" என்றாள் மஸால்.

ஒஸ்னத் வாழைப்பழத்தைக் கையில் எடுத்தாள். கண் பழத்தில், நினைப்பு அறிக்கையில். துதி தானாக ஓடியது. கடைசியில் வாயில் வந்து நின்ற சொல், 'மரம்'.

மஸாலின் கண்கள் பிதுங்கின. பிள்ளைகள் திறந்த வாயோடு அப்படியே உறைந்தார்கள். யாருக்கும் ஆமென் வரவில்லை.

"மண்ணு! மண்ணு! அய்யோ, சீக்கிரம் சொல்லுங்க, மண்ணு!"

நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியது யிஸ்கா.

"மண்" என்றாள் ஒஸ்னத், அதே மூச்சில்.

"ஆமென்!" யிஸ்காதான் முதலில் சொன்னாள். ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பேசாத பிள்ளை பேசிவிட்டால் கைதட்டக் கூடாது, கொண்டாடக் கூடாது. கொண்டாடினால் திரும்பவும் ஓட்டுக்குள் போய்விடும். எட்டு மாதமாக எல்லோருக்கும் ஒஸ்னத் சொல்லிக் கொடுத்தது இது. இப்போது அவளுக்கே நெஞ்சு வெடித்துவிடும்போல் சந்தோஷம். "டேய், யிஸ்கா பேசி—" என்று ஆரம்பித்த பொடியன் நெதானெலின் வாயில் மஸால் ஒரு வெள்ளரித் துண்டைத் திணித்தாள். திணித்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடினாள். அங்கிருந்து மூக்குச் சிந்தும் சத்தம் வந்தது.

ஒஸ்னத் ஒன்றுமே நடக்காததுபோலப் பழத்தைக் கடித்தாள். "மறந்தே போச்சும்மா. ஏன் மரம் இல்ல?"

"மரம்னா அடுத்த வருஷமும் நிக்கணும்! வாழை ஒரு தடவ குலை தள்ளிட்டுச் செத்துப்போயிடும். எங்கப்பாதான் வெட்டுவாரு. அப்புறம் பக்கக்கன்னு வரும். நான் மட்டும் சொல்லலேன்னா ஆண்டவர் பேரு வீணாப் போயிருக்கும்! படிச்சிருக்கீங்கல்ல நீங்க?"

"படிச்சிருக்கேன். அப்போ ஸ்ட்ராபெரிக்கு?"

"மண்ணு."

"திராட்சைக்கு?"

"மரம். எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

எல்லாவற்றையும் அவளேதான் சொன்னாள். தர்பூசணி, மாதுளை, அத்தி, கேரட் என்று பன்னிரண்டு மணி வரைக்கும் வாய் ஓயவில்லை.

மதியம் ஒஸ்னத் அறிக்கையை எடுத்தாள். 'வகுப்பில் பேசுகிறாளா?' ஆம். 'எந்தப் பயிற்சியின் பலனாக?' பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு எழுதினாள்: 'நான் தப்புச் செய்தேன். அவள் திருத்தினாள்.'

முழங்கைப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன எழுதுறீங்க? எனக்கு இன்னும் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சுக் காட்டுங்க, தப்பு இருந்தா சொல்றேன்."

ஒஸ்னத் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.